‘டை ஆஃப்’ என்றால் கட்டுவதா, அவிழ்ப்பதா? குழப்பும் ஆங்கிலச் சொற்கள்.. எளிய விளக்கம்!

உயரமான சாரத்தில் வேலை நடக்கிறது. கீழே இருந்து மேற்பார்வையாளர் ‘டை ஆஃப்’ என்கிறார். ‘ஸ்விட்ச் ஆஃப்’ கேட்டுப் பழகிய காதுக்கு, கயிற்றைக் கழற்றச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் அர்த்தம் நேர் எதிர். பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கியை உறுதியான இடத்தில் மாட்டு என்பதுதான் அது. வெளிநாட்டுக் கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

‘100 சதவீத டை ஆஃப்’ என்றால் என்ன?

இடம் மாறும்போதுகூட ஒரு கொக்கியாவது மாட்டியே இருக்க வேண்டும் என்று பொருள். அதனால்தான் இரண்டு கொக்கிகள் கொண்ட கயிறு தரப்படுகிறது. ஒன்றை மாட்டிய பிறகே இன்னொன்றைக் கழற்ற வேண்டும். அறுவை சிகிச்சையில் ரத்தக்குழாயை நூலால் இறுக்கி அடைப்பதும், பலூன் வாயை முடிச்சுப் போடுவதும்கூட ‘டை ஆஃப்’தான்.

மற்ற சொற்கள் என்ன?

* டை அப்: சுற்றி இறுக்கிக் கட்டுவது. பார்சலுக்கும் சொல்லலாம், கரையில் கட்டும் படகுக்கும் சொல்லலாம். ஒருவர் ‘ஐ ஆம் டைட் அப்’ என்றால் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இந்திய ஆங்கிலத்தில் நிறுவனங்களின் கூட்டணியும் ‘டை அப்’.
* டை டவுன்: காற்றிலோ ஓட்டத்திலோ நகராதபடி தரையோடு அல்லது வண்டியோடு சேர்த்துக் கட்டுவது.
* லாஷ் டவுன்: கப்பல், லாரியில் சரக்கைக் கயிறு, சங்கிலியால் இறுக்குவது.
* ஸ்ட்ராப் இன்: குழந்தையை கார் இருக்கையில் பட்டை போட்டு உட்கார வைப்பது.
* பக்கிள் அப்: சீட் பெல்ட் போடுவது.
* டூ அப்: சட்டை பட்டன், ஷூ லேஸ் போடுவது.

ஞாபகம் வைப்பது எப்படி?

இந்தச் சொற்களில் ‘அப்’ வந்தால் முழுசாக இறுக்குவது. ‘டவுன்’ வந்தால் கீழே அசையாமல் பிடித்து வைப்பது. ‘இன்’ வந்தால் இருக்கைக்குள் பத்திரமாக வைப்பது. ‘டை’யோடு ‘ஆஃப்’ வந்தால் முடிச்சோ கொக்கியோ போட்டு முடிப்பது.

அப்போ அவிழ்க்க?

அதற்கு முன்னால் ‘அன்’ வரும்: அன்டை, அன்டூ, அன்பக்கிள், அன்ஹுக். உயரத்தில் நிற்கும்போது இந்த ‘அன்’ காதில் விழவில்லை என்றால், கொக்கியில் கை வைக்காமல் ஒருமுறை திருப்பிக் கேட்டுவிடுவதே நல்லது.