குழவிக்கும் ஓய்வுநாள்

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் எங்கள் ஆச்சி அம்மியைக் கழுவுவாள். மசாலா வாடை போகும்வரை மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, குழவியை அம்மிமேல் கிடத்தாமல் சுவரோரமாக நிமிர்த்தி நிறுத்திவைப்பாள். திங்கட்கிழமை காலைவரை அது அப்படியே நிற்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஏட்டி, நாளைக்குக் குழவிக்கும் ஓய்வுநாள்லா" என்றாள்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். 1960களின் தொடக்கம். ஊர், மெஞ்ஞானபுரம் பக்கம் தேரி மணலை ஒட்டிய ஒரு பனங்காட்டுக் கிராமம். மெஞ்ஞானபுரம் வேதக்கோயிலின் 192 அடிக் கோபுரம் பனையுச்சியில் நின்றால் தெரியும் என்பார் தாத்தா. அவர் பனையேறி. ஆச்சி, அவர் இறக்கும் பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுபவள்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு நாள் வேலை நடக்கும். தண்ணீர்ப் பானைகள் நிரம்பும். விறகு பிளந்து அடுக்கப்படும். ஞாயிறுக்கும் சேர்த்துச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். புளிக்குழம்பைச் சுண்டவிட்டு இறக்குவாள். ஞாயிறு காலையில் அடுப்பு எரிவது கருப்பட்டிக் காப்பிக்கு மட்டும்தான். ஊரில் உலக்கைச் சத்தம் கேட்காது. அந்தச் சத்தம் இல்லாததை வைத்தே, கண் திறக்காமல் பாயில் கிடந்தபடி, இன்று ஞாயிறு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் எங்கள் சீமைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830களின் இறுதியில் வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் ஐயர் மெஞ்ஞானபுரத்துக்கு வந்து, 1870இல் கண்மூடும்வரை அங்கேயே இருந்தார். ஞாயிறு என்றால் கண்டிப்பு என்ற மிஷனரிகள் இவர்கள். கோயில் மணி, வேத வாசிப்பு, பள்ளிக்கூடம், இவற்றோடு ஞாயிறு ஓய்வும் கிராமத்துக்குள் வந்தது.

ஆனால் பனைக்கு ஞாயிறு தெரியாது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிவரை பதனிக் காலம். காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். பாளையின் நுனியை மெல்லிய தகடுபோலச் சீவிவிட்டால்தான் சுரக்கும். ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு குறைந்துவிடும். மரம் ஏறினால் கட்டளையை மீறியது போலாகும், ஏறாவிட்டால் வயிறு காயும். பனங்காட்டுக் கிறிஸ்தவன் ஒவ்வொரு கோடையிலும் இதற்கு விடை தேட வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கல் எங்கள் ஊருக்கு மட்டுமானதல்ல என்பது பின்னாளில் சரித்திரம் படித்தபோது தெரிந்தது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321 மார்ச்சில் ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றமும் நகரத்துப் பட்டறைகளும் மூடியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். அதிலேயே உழவனுக்கு விலக்கும் கொடுத்தான். விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் உரிய நாள் தப்பினால் திரும்ப வராது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். இரு நூற்றாண்டு கழித்து, 538இல் பிரெஞ்சு மண்ணின் ஓர்லேயான் நகரில் கூடிய ஆயர்கள் அதை மாற்றினார்கள். வயல் வேலை கூடாது, ஆனால் ஞாயிறன்று சமைப்பதையும் பயணம் போவதையும் தடுக்கவேண்டாம் என்றார்கள். ஆச்சி அந்த ஆயர்களைவிடக் கண்டிப்பானவள்.

தாத்தா கண்ட வழி வேறு. ஞாயிறு விடியுமுன் ஏறுவார், முதல் மணி அடிக்குமுன் இறங்கிவிடுவார். மாலையிலும் பாளை சீவுவதற்காக ஏறுவார். ஆனால் ஞாயிற்றுப் பதனியைக் காய்ச்சக்கூடாது, விற்கவும் கூடாது. சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு அதைக் கொண்டுவந்து, ஆராதனை முடிந்து வெளியே வருபவர்களுக்கெல்லாம் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். யார் எவர் என்று பார்ப்பதில்லை. குடித்தது போக மீதி இருந்தால் மாட்டுக்கு. பக்கத்து விளைக்காரர் ஞாயிறு மரத்தையே தொடமாட்டார். தாத்தாவோடு அதைப் பற்றி அவர் வாக்குவாதம் செய்ததுண்டு. இருவரும் அடுத்தடுத்த பெஞ்சில்தான் உட்காருவார்கள்.

தாத்தாவின் அந்த ஏற்பாடு யாருக்காக என்பது, நானும் ஒரு வீட்டைச் சுமந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பதனி இறக்குபவனைவிட அதைக் காய்ச்சுகிறவளுக்குத்தான் உடம்பு அதிகம் வேகும். விடிலிக்குள், ஓலைக்கூரைக்குக் கீழ், மணிக்கணக்காக அடுப்பைத் தள்ளிக்கொண்டே தாச்சியைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். பாகு பதம் தப்பினால் அன்றைய உழைப்பு வீண். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும், கை பொத்துப்போகும். ஞாயிற்றுப் பதனி காய்ச்சப்படாது என்றால், வாரத்தில் ஒருநாள் ஆச்சி அந்தப் புகைக்குள் போகவேண்டியதில்லை. உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணமே, நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறட்டும் என்பதுதான். தாத்தா எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பார். அந்த இடத்தை அவர் சரியாகவே வாசித்திருந்தார்.

இனி கிறிஸ்மஸ். பனங்காட்டுக்கு அது பொருத்தமான பண்டிகை. கார்த்திகை, மார்கழியில் மழை, பாளை வராது, பாளை சீவும் அருவாப்பெட்டி உத்தரத்தில் தொங்கும். ஆண்டிலேயே ஊர் சற்று உட்காரும் மாதம் அது. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கவும் அச்சுமுறுக்கு சுடவும் நாலு வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் கூடுவார்கள். ஒரு நாள் வேலை. மறுநாள் அடுத்த வீடு. பலகாரம் கொடுத்தனுப்புவதும் உறவுமுறையைப் பார்த்து வருவதும் பண்டிகைக்குப் பிறகுதான். புதுவருஷம் தாண்டியும் யாராவது தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருப்பார்கள்.

விருந்தைப் பண்டிகைக்குப் பின்னால் வைப்பது பழைய திருச்சபையின் ஒழுங்கு என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்கள் முதலில் கொண்டாட்டத்துக்குரியவை அல்ல, அடக்கத்துக்குரியவை. ஐந்தாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் நாளான நவம்பர் 11 தொடங்கிக் கிறிஸ்மஸ்வரை வாரம் மூன்று நாள் உபவாசம் என்று ஏற்படுத்தினார். அதே தூர் நகரில் 567இல் கூடிய சங்கம், கிறிஸ்மஸ் முதல் ஜனவரி 6 வரையுள்ள நாட்களைப் பண்டிகை நாட்களாக வைத்தது. முன்னால் காத்திருப்பு, பின்னால் பன்னிரண்டு நாள் விருந்து. மூச்சுவிட இடம் வைத்துக் கட்டிய காலம் அது.

பண்டிகையைப் பறித்தவர்கள்கூட ஓய்வைப் பறிக்கத் துணியவில்லை. 1647இல் இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் கைக்கு வந்த பாராளுமன்றம் கிறிஸ்மஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றையும் ஒழித்தது. அதே ஆணையில், தொழில் பழகும் பையன்களுக்கும் வேலையாட்களுக்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுமுறை கொடுத்தது. பண்டிகை போனால் அந்தப் பிள்ளைகளுக்கு இளைப்பாற நாள் ஏது என்ற கேள்விக்கு அவர்களும் பதில் சொல்லவேண்டியிருந்தது. நம் நாட்டிலும் ஞாயிறு விடுமுறை உழைப்பாளிக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே 1884இலிருந்து கேட்டுக் கேட்டு, 1890இல்தான் வாங்கிக் கொடுத்தார். அவர் ஜோதிராவ் பூலேயின் இயக்கத்தைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர் அல்லர். இதைச் சபையில் பேசும்போதெல்லாம் நான் சொல்லுவேன்.

ஆச்சி வீட்டில் கண்ட இந்த ஒழுங்கு முழுவதையும் என் கையாலேயே நான் கலைத்தேன். 2011 டிசம்பர். நான் பள்ளி ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒருபக்கம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்குத் தேவதூதர் சிறகு தைப்பது, பெண்கள் ஐக்கிய சங்கத்து விழா, பாடகர் குழுப் பயிற்சி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, ஜவுளி. 22ஆம் தேதி இரவு ஒரு மணிக்குக் கேரல் குழு எங்கள் தெருவுக்கு வந்தது. நாற்பது பேருக்குத் தேநீரும் பலகாரமும் கொடுத்துவிட்டுப் படுத்தபோது மணி மூன்று. 23 அன்று அதிரச மாவு. அன்று இரவும் தூக்கம் இல்லை. 24 மாலை, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி மயங்கி விழுந்தேன். முன்பக்கம் சாய்ந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

மருத்துவர் பெரிய நோய் ஒன்றும் சொல்லவில்லை. உறங்கவில்லை, உண்ணவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அதிகாலை ஆராதனைக்கு மூன்று மணியும் அடித்தன. மூன்றையும் கட்டிலில் கிடந்து கேட்டேன். இருபது நாளாக யாருடைய பிறப்புக்கு வீட்டை ஆயத்தம் செய்தேனோ, அவரை வாழ்த்தி ஒரு பாட்டுப் பாட எனக்குத் தெம்பு இல்லை. அன்று அழுதேன்.

அந்த வாரம் எலியாவின் கதையை மறுபடி வாசித்தேன். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்து முடித்த மனிதன், போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறான். தேவன் அனுப்பிய தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். தின்றுவிட்டு அவன் மறுபடி படுக்கிறான், தூதன் விட்டுவிடுகிறான். இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் பயணம். ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்பது அதற்கும் பிறகு. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். உறக்கம் முதலில் வருகிறது என்பது அன்றுவரை என் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு டிசம்பர் மாறியது. பலகாரம் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில், அதுவும் சனிக்கிழமைக்குள். டிசம்பரின் எல்லா ஞாயிறும் ஞாயிறாகவே இருக்கும். அன்று கடைக்குப் போவதில்லை, ஒட்டடை அடிப்பதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. 24 மாலை ஆறு மணிக்கு அடுப்பு அணையும். முதல் ஆண்டு, "என்ன டீச்சர், இந்த வருஷம் ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டார்கள். மூன்றாம் ஆண்டு எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் ஆறு மணிக்கு அடுப்பு அணைந்தது.

சபைகளை நடத்துகிற ஐயர்மாருக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேரல் பவனி பத்து மணிக்குள் முடியட்டும். கிறிஸ்மஸ் மரவிழாவையும் சங்கத்து விருந்தையும் டிசம்பர் 26க்குப் பிறகு வையுங்கள். திருச்சபை அந்தப் பன்னிரண்டு நாளை அதற்காகத்தான் ஒதுக்கிவைத்தது, நாம்தான் அவற்றைக் காலியாக விட்டிருக்கிறோம். வீட்டில் பெண்களை வேலை வாங்குகிற ஆண்களும் பிள்ளைகளும் 24 மாலை ஒருமுறை அடுப்படிக்குள் எட்டிப் பாருங்கள். யார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்களோ அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஜனவரி 6 வரை எந்நாளும் வரலாம். முந்திரிக்கொத்து இருக்கும். ஆச்சியின் குழவியும் அடுப்படிச் சுவரோரம் நிற்கிறது.