வயதைக் காத்து, காந்த நினைவை இழந்த படிகங்கள்: பாலக்காடு, இடுக்கிப் பாறைகள் கூறும் புவி வரலாறு

பூமியின் காந்தப்புலம் எப்போது தோன்றியது என்ற கேள்விக்கு, மணல் துகளளவே உள்ள ஜிர்கான் படிகங்களில் புவியியலாளர்கள் விடை தேடி வருகின்றனர். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய மலைப் பாறைகளிலும் இப்படிகங்கள் காணப்படுகின்றன. எனினும், ஒரு படிகம் தொன்மையானது என்பதாலேயே அது தொன்மையான காந்தப்புலத்தின் சாட்சியாகிவிடாது என்பதை இப்பகுதியின் வரலாறு உணர்த்துகிறது.

காந்தப்புலம் ஏன் முக்கியம்?

பூமியின் வெளிக்கருவில் உருகிய நிலையில் உள்ள இரும்பின் ஓட்டத்தால் காந்தப்புலம் உருவாகிறது. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் பெரும்பகுதியை அது திசைதிருப்புகிறது. சுமார் 454 கோடி ஆண்டு வயதுடைய பூமியில், முதல் உயிர்கள் தோன்றிய காலத்தில் இக்கவசம் இருந்ததா என்பதை அறிய, அக்காலத்திலேயே உருவான கனிமங்கள் தேவைப்படுகின்றன.

ஒரே படிகத்தில் இரு பதிவுகள்

ஜிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சிறிதளவு ஏற்றுக்கொள்கிறது. ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாக மாறுவதால், இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு படிகத்தின் வயது கணக்கிடப்படுகிறது. சிதைவுறாத ஜிர்கானில், சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் இந்த ஈயம் எளிதில் வெளியேறுவதில்லை.

காந்தப் பதிவு அவ்வாறன்று. ஜிர்கானுக்குள் சிக்கிய மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துணுக்குகளே அதைத் தாங்கி நிற்கின்றன. மேக்னடைட் 580 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் காந்தத் தன்மையை இழக்கிறது. மீண்டும் குளிரும்போது, அந்தக் காலத்தின் காந்தப்புலத்தையே புதிதாகப் பதிவு செய்கிறது. எனவே கடும் வெப்பத்துக்கு உள்ளான படிகத்தில் வயது எஞ்சியிருக்க, காந்த நினைவு மட்டும் அழிந்துபோகலாம்.

பாலக்காடு, இடுக்கியில் நடந்தது என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியாக பாலக்காட்டுக் கணவாய் அமைந்துள்ளது. இதன் வழியே கிழக்கே காவிரிப் பகுதி வரை, தென்னிந்தியாவின் இருவேறு பழம்பெரும் நிலத்தொகுதிகள் சந்திக்கும் மண்டலம் நீள்கிறது. வடக்கே நீலகிரியில் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள் உள்ளன. தெற்கே இடுக்கி, தேனி, கொடைக்கானல் பகுதிகளை உள்ளடக்கிய மதுரைத் தொகுதி உள்ளது.

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தில், மதுரைத் தொகுதியின் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடுமையாக வெப்பமடைந்தன. இடுக்கியை அடுத்த தேனி மாவட்டத்தின் கெங்குவார்பட்டிப் பாறைகள், 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்துக்கு உள்ளானவை. இத்தகைய பாறைகளில் உள்ள ஜிர்கான்களின் மையம் பழைய வயதைக் காட்டினாலும், அவற்றின் முந்தைய காந்தப் பதிவு எஞ்சியிருக்க இயலாது.

இந்த மலைகள் தேய்ந்து உதிரும் ஜிர்கானை ஆறுகள் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. கொல்லம் மாவட்டம் சவரா, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி ஆகிய கடற்கரைகளின் மணலில் இருந்து பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் ஜிர்கானைப் பிரித்தெடுக்கிறது.

உலக அளவில் நீடிக்கும் விவாதம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் 440 கோடி ஆண்டு வரை பழமையான ஜிர்கான்கள் கிடைத்துள்ளன. 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காந்தப்புலம் இருந்ததை அவை காட்டுவதாக, அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டார்டுனோ குழுவினர் 2015-இல் அறிவித்தனர். அப்படிகங்களின் காந்தத் துணுக்குகள் பிற்காலத்தில் விரிசல்கள் வழியே உருவானவை என மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மறுத்தனர். வயது குறித்து இரு தரப்பிலும் ஐயமில்லை. காந்தப் பதிவின் காலமே சர்ச்சைக்குரியது.

கிரீன்லாந்தின் இசுவா பகுதிப் பாறைகளில், 370 கோடி ஆண்டுகளுக்கு முன் குறைந்தது 15 மைக்ரோடெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலம் இருந்ததற்கான சான்று 2024-இல் வெளியானது. இது ஜிர்கானிலிருந்து அன்றி, இரும்புச் செறிவுள்ள பாறைகளிலிருந்து பெறப்பட்டது.

இந்தியாவில், ஒடிசாவின் சம்புவா பகுதிப் பாறையில் 424 கோடி ஆண்டு வயதுடைய ஜிர்கான் கண்டறியப்பட்டதாக 2018-இல் ஆய்வு வெளியானது. அது வயதுக்கான சான்றே அன்றி, காந்தப்புலத்துக்கான சான்று அன்று.

தென்னிந்தியப் பாறைகளின் பயன்

கனடாவின் கியூபெக் மாகாணப் பாறைகளின்படி, 56.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தப்புலம் இன்றைய வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணப் பாறைகளோ, சுமார் 53 கோடி ஆண்டுகளுக்கு முன் அது மீண்டும் வலுவடைந்திருந்ததைக் காட்டுகின்றன. பூமியின் திண்ம உட்கரு உருவாகத் தொடங்கியதே இம்மாற்றத்துக்குக் காரணம் என ஒரு சாரார் கருதுகின்றனர்.

இடுக்கி, தேனி மலைகளின் பாறைகள் வெப்பமுற்றதும் ஏறத்தாழ இதே காலகட்டத்தில்தான். ஆகவே பூமியின் முதல் காந்தப்புலத்தைத் தேடுவோருக்கு இப்பாறைகள் உதவாவிடினும், பின்னர் அவை குளிர்ந்த காலத்தின் காந்தப்புலத்தை ஆராய்வோருக்கு அவற்றின் மேக்னடைட் பயன்படக்கூடும்.