ராயருக்கு எத்தனை அப்பா?

ஜூன் மாதம் வந்துவிட்டால் இங்கே நியூஜெர்சி கடைகளில் தந்தையர் தின வாழ்த்து அட்டைகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாமே ஒரே ஒரு அப்பாவுக்கான அட்டைகள். 1910 ஜூன் 19 அன்று வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி இந்த நாளைத் தொடங்கியபோது அவர் மனதில் இருந்தவரும் ஒருவர்தான்: மனைவி இறந்தபின் பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்த அவருடைய அப்பா. 1972-ல் அதிபர் நிக்சன் காலத்தில்தான் இது சட்டப்படியான நாளாயிற்று.

நமக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. பெரியப்பா, சித்தப்பா என்று நம் சொல்லுக்குள்ளேயே 'அப்பா' உட்கார்ந்திருக்கிறார். இங்கே பிறந்த நம் பிள்ளைகள்தான் எல்லோரையும் சேர்த்து 'அங்கிள்' ஆக்கிவிட்டார்கள். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை அரசன், ஆசிரியர், தாய், தந்தை, தமையன் என்ற ஐந்து பேரையும் ஒரே வரிசையில் வைத்து, ஐவரையும் தேவரைப் போலத் தொழச் சொல்கிறது. ஆக, பெற்றவர் ஒருவர் மட்டுமே தகப்பன் இல்லை என்பது நமக்குப் பழைய சங்கதி.

சரி, ஊருக்குப் போகும்போது இத்தனை அப்பாக்களுக்கும் என்ன வாங்குவது? நம்மில் பலர் கண்டுபிடித்த வழி, ஒரே மாதிரி நாலு சட்டை. சண்டை வராது. ஆனால் வாங்கியவருக்கும் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது :-) இதைப் பற்றி யோசித்தபோது, எங்கள் ஊருக்குப் பெயர் வைத்த மனிதர் நினைவுக்கு வந்தார்.

எங்கள் ஊர் நாகலாபுரம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகப் போனால் வரும். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், பெரியப்பாவை பெத்தநைனா. இங்குள்ள வேதநாராயண சுவாமி கோவிலில் பெருமாள் மச்ச அவதாரம், இடுப்புக்குக் கீழே மீன் வடிவம். ஆண்டுதோறும் மார்ச் மாதவாக்கில் மூன்று நாட்கள் மாலைச் சூரியன் நேராகக் கருவறைக்குள் வரும். முதல் நாள் பாதத்தில், இரண்டாம் நாள் நாபியில், மூன்றாம் நாள் நெற்றியில் ஒளி விழும். 1967 முதல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இந்தக் கோவிலை நிர்வகித்து வருகிறது.

கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் நினைவாக இந்த ஊருக்குப் பெயர் வைத்தார், கோவிலையும் எடுத்துக் கட்டினார் என்பது ஊர் வரலாறு. ராஜ்ஜியம் முழுவதும் கையில் இருந்தவர், அம்மாவுக்கு ஒரு பெயரைக் கொடுத்தார். ஐந்நூறு வருடம் கழித்தும் பஸ் பலகையில் அந்த அம்மாள் பெயர்தான் ஓடுகிறது.

அம்மா ஒருவர். அவருக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர்களோ பலர். பெற்ற தந்தை துளுவ நரச நாயக்கர். விஜயநகரத்தின் தளபதியாக இருந்து, 1491 முதல் நடைமுறையில் ராஜ்ஜியத்தையே நடத்தியவர், 1503-ல் காலமானார். அடுத்து, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் வீர நரசிம்மர். 1509-ல் அவர் இறந்த பிறகே அரியணை தம்பிக்கு வந்தது. மூன்றாமவர் குரு வியாசராயர். நான்காமவர் மந்திரி சாளுவ திம்மரசு. ராயர் அவரை 'அப்பாஜி' என்றுதான் கூப்பிட்டார் என்று நம் பக்கத்துக் கதைகள் எல்லாம் சொல்லும்.

ராயர் எதை யாருக்குக் கொடுத்தார் என்று பாருங்கள். பொன்னும் மணியும் சாமிக்கு. 1513-க்கும் 1521-க்கும் நடுவில் ஏழு தடவை திருமலைக்கு வந்தார். முதல் தடவையே ரத்தின கிரீடம் கொடுத்தார், 1514-ல் முப்பதாயிரம் பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்தார். மகாதுவாரம் தாண்டி உள்ளே போகும்போது இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவர் சிலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குருவுக்குப் பொன் எதற்கு? சந்நியாசி அவர். 1526-ல் ராயர் அவருக்கு ஊர்களைத் தானமாக எழுதி வைத்தார். அங்கே அமைந்த பெரிய ஏரிக்கு வியாசசமுத்திரம் என்று பெயர் வந்தது. தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு, ஊரே பயன்படுத்தும் தண்ணீர்! பெறுபவர் யார் என்று தெரிந்து கொடுத்த கொடை என்றால் இதுதான்.

அப்பாஜிக்கு? அதிகாரம், அதுவும் அளவில்லாமல். 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அரண்மனை முழுவதும் ஒரு முதியவரின் கட்டளைக்குள் இருந்தது, பெரிய பிரபுக்கள்கூட அரசனிடம் நடந்துகொள்வது போலவே அவரிடமும் நடந்துகொண்டார்கள் என்று எழுதுகிறார். 1515-ல் பிடித்த கொண்டவீடு சீமையின் பொறுப்பும் திம்மரசுவிடம்தான் வந்தது.

இத்தனையும் கொடுத்த ராயரின் வாழ்க்கையில் ஒரு இடம் மட்டும் எனக்கு நெருடுகிறது. 1530-களில் எழுதிய இன்னொரு போர்த்துகீசியரான நூனிஸ் சொல்லும் கதை இது. சாகக் கிடந்த வீர நரசிம்மர், தன் சின்னஞ்சிறு மகனுக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்று, கிருஷ்ணராயரின் கண்களைப் பிடுங்கி வரச் சொன்னாராம். திம்மரசு பையனை ஒளித்துவைத்துவிட்டு ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டினாராம். பிற்காலத்தில் ராயர் தன் ஆறு வயது மகன் திருமலையைப் பட்டத்தில் அமர்த்தினார். அந்த மகன் பெயரில் ஹோஸ்பேட்டை பக்கம் அனந்தசயனகுடியில் 1524-ல் ஒரு ஊரும் கோவிலும்கூட எழுந்தன. கொண்டாட்டம் முடிவதற்குள் குழந்தை நோயில் விழுந்து இறந்தது. விஷம் என்று பேச்சு. சந்தேகம் திம்மரசு குடும்பத்தின் மேல் விழுந்தது. சிறையில் போட்டு, கடைசியில் அவர் கண்களையே எடுத்துவிட்டார்கள், அவர் சிறையிலேயே இறந்தார் என்று நூனிஸ் முடிக்கிறார்.

இதில் எவ்வளவு அரண்மனை வம்பு என்று வரலாற்று ஆசிரியர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால் ஐந்நூறு வருடமாக ஜனங்கள் இந்தக் கதையை மறக்கவில்லை. காரணம் எளிது. தன் கண்ணைக் காப்பாற்றிய கிழவருக்குச் சீமையைக் கொடுத்தவர், நம்பிக்கையைக் கடைசிவரை கொடுக்கவில்லை. அது இல்லாதபோது மற்றதெல்லாம் திருப்பி வாங்கக்கூடிய பொருட்கள்தானே?

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இந்தக் கதை பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. ஊரில் நமக்கு ஒரு அப்பாஜி இருப்பார். நிலத்தைப் பார்த்துக்கொள்வார், கொத்தனாரோடு மல்லுக்கட்டுவார், நைனாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். எனக்கு அது பெத்தநைனா. என் காலேஜ் பீஸ் கட்டியவர் அவர். இப்போது ஊரில் நான் கட்டும் வீட்டுக்கு நின்று வேலை வாங்குபவரும் அவரே. இந்த வருடம் சொந்தத்தில் ஒருவர் போன் செய்து, "சிமெண்ட் கணக்கை ஒரு தடவை பார்த்துக்கோ, நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன். பட்டியல் தயார். மாமனாருக்குத் திருமலை தரிசனம், கூடவே நானும் நாள் முழுக்க அவரோடு. அவருக்கு வேண்டியது பேச்சுத் துணை. தாய்மாமாவின் கிணற்று மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறது, அதற்குப் புதுசு. நைனாவுக்குப் பேரன் தன் கையால் தமிழில் எழுதிய கடிதம், எழுத்துப் பிழைகளோடு.

பெத்தநைனாவுக்கு, அந்த வீட்டு வாசல் கல்லில் அவர் பெயர். கல் தச்சரிடம் சொல்லிவிட்டேன். சிமெண்ட் கணக்கு நோட்டை இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்றுதான் அவசரமாகச் சொன்னேன். பார்த்த பிறகு வைத்தால் அது பரிசோதித்துக் கொடுத்த பரிசு ஆகிவிடும், இல்லையா?

உங்கள் வீட்டில் எத்தனை அப்பாக்கள்? அவர்களில் அப்பாஜி யார்?