குழாய் பூண்ட வயலின்

தந்தி தனித்து நின்று பேசாது. மெல்லிய கம்பி காற்றை அசைப்பது மிகச் சொற்பம். அதன் அதிர்வைக் குதிரை வாங்கிப் பலகைக்குக் கொடுக்க, அகன்ற பலகை அதிர்ந்தே இசை நம் செவிக்கு எட்டுகிறது. வீணைக்குக் குடம் எதற்கோ, வயலினுக்குப் பெட்டியும் அதற்கே.

அப்பெட்டியை அறவே நீக்கியும் வயலின் செய்தார் ஒருவர். ஜெர்மனியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த அகஸ்டஸ் ஸ்ட்ரோ என்பார் 1899ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். குதிரையின் அசைவு ஒரு நெம்புகோல் வழியே அலுமினியத் தகட்டுக்குச் செல்லும். தகட்டின் முன்னே உலோகக் குழாய். பாதி வயலின், பாதி கிராமபோன் எனலாம்!

இது வெறும் வேடிக்கையன்று. அக்கால இசைத்தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையில்லை. கலைஞர்கள் ஒரு கூம்பின் வாயருகே நெருங்கி நின்று இசைப்பர். அவ்வொலியின் வலுவே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். வயலினோ ஒலியைப் பல திசையும் இறைப்பது. கூம்புக்குக் கிடைப்பது கொஞ்சமே. ஸ்ட்ரோவின் குழாய் அதனை ஒருமுகப்படுத்திற்று. ஆனால் பலகை தரும் நாதச் செழுமை போயிற்று. மூக்காற் பேசும் குரலே எஞ்சியது. வாசிப்பவர் தம் இசையைத் தாமே கேட்பதற்குக் காதருகே வேறொரு சிறு குழாயும் பொருத்த நேர்ந்தது.

1925இல் மைக்கிரோபோன் வழிப் பதிவு வந்ததும் பதிவுக்கூடங்களுக்கு இக்கருவி வேண்டாததாயிற்று. ருமேனியாவின் பிஹோர்ப் பகுதிக் கிராமத்தாரோ அதனைக் கைவிடவில்லை. கலியாண ஆரவாரத்துக்கு மேலாக ஒலிக்கும் வயலின் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 'ஊதுகொம்பு வயலின்' என்ற பொருளிலேயே அங்கே அதற்குப் பெயர் வழங்குகிறது.