ராபர்ட் லூசி

ராபர்ட் லூசி (1940–2015) நியூயார்க் மாநகரக் காவல்துறையின் துப்பறிவாளர். உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு போய், லஞ்சம் வாங்கிய காவலர்களையும் கொடுத்த வழக்கறிஞர்களையும் சிக்கவைத்தவர். தாமும் லஞ்சம் வாங்கியவர்.

புரூக்ளினில் பிறந்த லூசி 1961இல் காவல் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் போதைப்பொருள் துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்குப் போனார். ஏறத்தாழ 70 பேரே கொண்ட பிரிவு அது. அவர்களுக்கு நகரம் முழுவதும் அதிகாரம் இருந்தது; தட்டிக்கேட்க ஆளில்லை. 'நகரத்து இளவரசர்கள்' என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. நீதிமன்ற அனுமதி இல்லாமலே தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். சோதனையில் பிடிபட்ட பணத்தில் ஒரு பகுதி கணக்குக்கு வராது. துப்புக் கொடுக்கும் போதை அடிமைகளுக்குக் கூலியும் ஹெராயின்தான்.

ஃபிராங்க் செர்பிக்கோ என்ற காவலரின் ஊழல் புகார்கள் 1970இல் நியூயார்க் டைம்ஸில் வெளியானதும், மேயர் ஜான் லிண்ட்சே நாப் விசாரணைக் குழுவை அமைத்தார். குழுவின் வழக்கறிஞர் நிக்கலஸ் ஸ்கோபெட்டா 1971இல் லூசியிடம் பேச்சுக் கொடுத்தார். ஊழல் தெருக் காவலரோடு நிற்பதில்லை, பிணை முகவர், வழக்கறிஞர் என நீதிமன்றம் வரை போகிறது என்பது லூசியின் வாதம். அதை நிரூபிக்க ஒப்புக்கொண்டவர் ஒரு நிபந்தனை விதித்தார்: கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். 1972இல் அவரது ரகசிய வேலை பற்றிய செய்தி வெளியாகும்வரை ஒரு வருடத்துக்கு மேல் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தார்.

நிபந்தனை நிலைக்கவில்லை. ரகசிய நீதிமன்ற ஆவணங்களை விலைக்கு வாங்க முயன்ற வழக்கறிஞர் ஒருவரின் விசாரணையில், தாம் செய்த தவறுகள் மூன்றே என்று லூசி சத்தியம் செய்து சொன்னார். அது பொய். பட்டியல் மிக நீளமானது என்பதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். பொய்ச்சாட்சிக்காக அவர் மீதே வழக்குப் போடலாமா என்று அரசு வழக்கறிஞர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள், போடவில்லை. அந்த வழக்கறிஞர் குற்றவாளி என்ற தீர்ப்பும் மேல்முறையீட்டில் நிலைத்தது. எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கியபின் கூட்டாளிகளும் தப்பவில்லை. பிரிவில் 52 பேர் மீது குற்றச்சாட்டு வந்ததாகச் சொல்லப்படுகிறது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. இதற்கிடையே 1972 இறுதியில், காவல்துறைக் கிடங்கிலேயே பூட்டி வைத்திருந்த சுமார் 180 கிலோ போதைப்பொருள் களவுபோனது தெரியவந்தது. புகழ்பெற்ற 'பிரெஞ்சு கனெக்‌ஷன்' ஹெராயின் கடத்தல் வழக்கில் பிடித்ததும் அதில் அடக்கம்.

காவல்துறைத் துணை ஆணையராக இருந்த ராபர்ட் டேலி, லூசியின் கதையை 'பிரின்ஸ் ஆஃப் தி சிட்டி' (1978) என்ற நூலாக்கினார். 1981இல் அதைப் படமாக்கிய சிட்னி லூமெட்தான் முன்பு 'செர்பிக்கோ'வையும் எடுத்தவர். செர்பிக்கோ கறைபடாதவர், அந்தக் கதையைச் சொல்வது எளிது. லூசியின் கதையில் யார் பக்கம் நிற்பது என்பதே சிக்கல்.

1981இல் ஓய்வுபெற்ற லூசி, குற்றப் புதினங்கள் எழுதினார். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 'ஆல் தி செஞ்சூரியன்ஸ்' (2004) அவரது தன்வரலாறு. லூமெட்டின் படத்தில் அவரைப் போன்ற நாயகன் காவலர் வகுப்பில் பேச எழுகிறான். கேட்க வந்த ஒருவர், நீங்கள்தானா அவர் என்று விசாரித்துவிட்டு எழுந்து வெளியே போகிறார்.