மந்திரி பதவியிலிருந்து ஸ்தானிகர் பதவிக்கு: விஜயலக்ஷ்மி பண்டிட்டின் ராஜதந்திர முறை

1937-ஆம் ஆண்டில் ஐக்கிய மாகாணத்தில் கோவிந்த வல்லப பந்த் அமைத்த காங்கிரஸ் மந்திரிசபையில் ஸ்தல ஸ்தாபன, பொதுச் சுகாதார இலாகாக்களை ஏற்ற ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட், இந்தியாவில் மந்திரி பதவி வகித்த முதல் பெண்மணி என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆயினும், அப்பதவியில் அவர் பெற்ற பயிற்சியே பிற்காலத்தில் அவருடைய ராஜதந்திர முறையை உருவாக்கிற்று என்பது போதிய கவனம் பெறவில்லை. 1938-இல் ஹரித்வாரக் கும்பமேளாவையொட்டிக் காலரா பரவியபோது சுகாதார இலாகாவின் பொறுப்பு அவர் தலைமீதே இருந்தது. சட்டசபையில் எழுந்து நின்று, பொதுஜனங்களின் உயிருக்கும் நலத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகப் பேசும் அந்தப் பழக்கத்தை அவர் பின்னாளில் எந்த அரங்கிலும் கைவிடவில்லை.

யுத்தப் பிரச்சினையில் 1939-இல் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. சிறைவாசமும், 1944 ஜனவரியில் கணவர் ரஞ்சித் பண்டிட்டின் மரணமும் அடுத்தடுத்து வந்தன. 1945-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டில், பிரிட்டிஷ் ஆட்சியின் இந்தியப் பிரதிநிதிகளுக்கு ஸர் ஏ. ராமஸ்வாமி முதலியார் தலைமை வகிக்க, அதிகாரம் எதுவுமின்றி வெளியே நின்ற இந்த அம்மையார் தேசத்தின் சுதந்திரக் கோரிக்கையை விண்ணப்பமாகச் சமர்ப்பித்தார்.

மறு ஆண்டே நிலைமை மாறிற்று. மாகாண மந்திரியாக மீண்டும் பதவியேற்றிருந்த அவர், ஐக்கிய நாடுகளின் பொதுச் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக் குழுவின் தலைவியானார். தென்னாப்பிரிக்க இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் அவ்வாண்டிலேதான் அங்கு நிறைவேறியிருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் துறைமுகத்தை அடைந்த ஒப்பந்தக் கூலிகளுள் தமிழர் பலர் இருந்தமையால், அவ்வழக்கு நம்மவரின் வழக்குமாகும். இது உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ் வாதித்தார். சர்வதேச நீதிமன்றத்துக்கு விடுவதே முறையென்று பிரிட்டிஷ் பிரதிநிதி ஹார்ட்லி ஷாகிராஸ் அதற்குத் துணைநின்றார். சட்ட நுணுக்கத்தில் எதிர்த்தரப்பு பலவீனமானதன்று. ஸ்ரீமதி பண்டிட்டோ அதைச் சட்டப் பிரச்சினையாக மட்டும் கருதாமல், மனச்சாட்சியின் பிரச்சினையாகச் சபைமுன் வைத்தார். டிசம்பர் 8-ஆம் தேதி 32 நாடுகள் ஆதரவாகவும் 15 எதிராகவும் வாக்களிக்க, 7 நாடுகள் விலகி நிற்க, மூன்றில் இரு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. வெற்றிக்குப்பின் அவர் ஸ்மட்ஸை அணுகி, தம் சொல் எதுவும் புண்படுத்தியிருப்பின் மன்னிக்கும்படி கேட்டதாகச் சுயசரிதத்தில் எழுதுகிறார். காந்தியடிகள் விரும்பிய கண்ணியம் அது.

அந்த முறை மாஸ்கோவில் பயன்படவில்லை. 1947-இல் முதல் இந்திய ஸ்தானிகராக அங்கே சென்ற அவருக்கு, 1949 வரையில் ஸ்டாலினின் பேட்டி ஒருமுறையேனும் கிட்டவில்லை. அவருக்குப்பின் சென்ற டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கோ 1950 ஜனவரியில் கிட்டியது. புதிய இந்தியா உண்மையாகவே சுதந்திரம் பெற்றதா என்று ஸோவியத் அரசாங்கம் அன்று கொண்டிருந்த சந்தேகமே இதற்கு முக்கிய காரணம் என்பது என் கருத்து. அதை அம்மையாரின் திறமைக்குறைவாகக் கொள்வது நியாயமன்று. எனினும், கேட்பதற்கு ஒரு சபையே இல்லாத இடத்தில் அவருடைய தலைசிறந்த ஆயுதம் உறைக்குள்ளேயே கிடந்தது என்பதையும் மறுக்க இயலாது. அடுத்து அவர் ஸ்தானிகராகச் சென்ற வாஷிங்டனிலோ காங்கிரஸ் என்னும் சட்டசபையும் பத்திரிகைகளும் இருந்தன. 1950 டிசம்பரில் அவர் கேட்ட இருபது லட்சம் டன் தானியத்துக்காக, நெடிய விவாதத்தின்பின், 19 கோடி டாலர் கடனாகக் கிடைத்தது.

1953 செப்டம்பரில் ஸயாம் இளவரசர் வான் பெற்ற 22 வாக்குகளுக்கு எதிராக 37 வாக்குகள் பெற்று, பொதுச் சபையின் முதல் பெண் தலைவரானார். தென்னாப்பிரிக்க இந்தியர் பிரச்சினை அவ்வாண்டும் விவாதத்துக்கு வந்தது. ஏழாண்டுகளுக்குமுன் அவ்வழக்கைப் பேசி வென்ற குரல், தலைமைப் பீடத்தின் தர்மத்தை முன்னிட்டு, இம்முறை அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் வாக்குகளை மட்டும் அறிவித்தது.