சர்க்கரை ஊரின் அடிமண்

செயற்கை ஏரிகள், ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்வெளிகள், பெயர்பெற்ற பள்ளிகள்: நாம் சுகர் லேண்டில் வீடு வாங்குவது இவற்றுக்காகத்தான். ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் இம்பீரியல் சர்க்கரை ஆலையைச் சொல்வார்கள். கரும்பை வெட்டியது யார் என்பது எந்த விற்பனைக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

1865இல் அமெரிக்க அரசியல் சாசனத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை அனுமதித்தது. அந்த ஓட்டை போதுமானதாக இருந்தது. சில்லறைக் குற்றங்களுக்கும் கறுப்பின மக்கள் சிறைக்குப் போனார்கள். 1878இல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரு தோட்ட முதலாளிகள் டெக்சஸ் மாநிலத்தின் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அடிமை இறந்தால் முதலாளிக்கு நட்டம். குத்தகைக் கைதி இறந்தால் இன்னொருவன் வருவான். பிராசோஸ் ஆற்றுப் படுகையின் சேற்றிலும் காய்ச்சலிலும் அப்படித்தான் வந்தார்கள், போனார்கள்.

2018 பிப்ரவரியில் இங்கே ஒரு தொழிற்கல்வி மையம் கட்டத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. 95 பேர். சிறுவர்களும் முதியவர்களும் அதில் இருந்தார்கள். ரெஜினால்ட் மூர் என்ற முன்னாள் சிறைக் காவலர் இந்த மண்ணில் கல்லறைகள் உண்டு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். கேட்டவர்கள் குறைவு. 2019இல் 95 பேரையும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மூர் காலமானார்.

நாம் டைனோசர் காட்டப் பிள்ளைகளை அழைத்துப்போகும் அருங்காட்சியகமும் ஒரு பழைய சிறைக் கட்டடம்தான்.

கரும்பின் கதை நமக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கரும்புத் தோட்டத்துக்கான ஒப்பந்தக் கூலிகளை. பிஜித் தோட்டங்களில் வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி பாடினார். நம்மவர்கள் கைரேகை வைத்துப் போனவர்கள். இவர்கள் விலங்கோடு வந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சர்க்கரை யாருடைய உடலிலிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்த இனம் நாம். வீட்டு விலையை விசாரித்த அதே அக்கறையோடு அந்தக் கேள்வியை இந்த ஊரிலும் கேட்க வேண்டும். கல்லறைகள் பள்ளியை ஒட்டியே இருக்கின்றன.